ஓட்டை எந்தப் பக்கம்?

போன ஐப்பசி மழையில் எனக்குச் சளி பிடித்தது. போடியில் ஒரு டாக்டர் வீட்டு முன்னறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மொத்தம் ஏழு பேர். ஏழு பேருக்கும் இருமல். ஒருவர் ஆரம்பித்தால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார் - பஜனை மடம் மாதிரி.

அந்தக் கோஷ்டியில் முதலிடம், எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு. பெயர் கருப்பையா. நாற்பது வயது இருக்கும். அவர் இருமினால் ஜன்னல் கம்பியில் தொங்கிய குடை ஆடியது. நான் இரண்டு முறை கவனித்தேன்; காற்று இல்லை. இருமல்தான்.

கூட அவர் மனைவி பேச்சியம்மாள். இருவருக்கும் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை. டாக்டர் அவர்களை அழைத்தார். கதவு திறந்தே இருந்தது. பத்திரிகைக்காரனுக்குக் காதை மூடிக்கொள்ளப் பழக்கம் இல்லையே...

"பீடி உண்டா?"

"இல்லீங்க."

"சுருட்டு?"

"தொட்டதே இல்லீங்க."

"பின்னே, என்ன சோலி பாக்குறே?"

"ஸ்டோர்ல தீப்போடுறேங்க. அஞ்சு வருசமா."

"விறகு?"

"மழையில நனைஞ்ச விறகுங்க. புகை கொஞ்சம் தூக்கலா வரும்."

டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்தார். "அப்ப, நீ குடிக்கிறது பீடி இல்லப்பா. மரம்! சீசனுக்கு ஒரு தோப்பைக் குடிக்கிறே."

பிறகு நிதானமாகச் சொன்னார். ஈரவிறகு சரியாக எரியாது. எரியாத மிச்சமெல்லாம் புகையாக வரும். அந்தக் கரி மூச்சுக்குழாயில் படிந்து, உள்ளே புண்ணாக்கும். கண் சிவப்பதும் அதனால்தான். இப்படியே விட்டால் அடுத்த வருஷம் கருப்பையாவால் மலை ஏற முடியாது. மலை ஏற முடியாதவருக்கு எஸ்டேட்டில் வேலையும் கிடையாது.

"புகை இல்லாத இடத்துல இருக்கணும். அதுதான் மருந்து."

பேச்சியம்மாள் கேட்டார்: "அந்த மருந்து எந்தக் கடையில விக்கிதுங்கய்யா?"

டாக்டர் மருந்து அலமாரியைத் திறந்தார். கலர் மருந்து ஒன்றைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்.

வெளியே வந்தவர்களிடம் எந்த எஸ்டேட் என்று விசாரித்தேன். சொன்னார்கள். என் பள்ளித் தோழன் மீனாட்சிசுந்தரத்தின் எஸ்டேட்! அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, பட்டாளத்தார் கழித்துவிட்ட அவனுடைய பழைய ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். குரங்கணி வரை ஜீப்பு. அப்புறம் கால்.

ஸ்டோர் என்றால் சாமான் வைக்கிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். பச்சை ஏலக்காயைக் காய வைக்கும் கட்டடம். ஒரு கோடியில் அடுப்பு. அடுப்பிலிருந்து பெரிய இரும்புக் குழாய் ஒன்று உலர்த்தும் அறைக்குள் நுழைந்து, தரையோடு சுற்றி, மறுகோடியில் புகைபோக்கியாக மேலே போகிறது. குழாயின் சூடு காய்க்கு. குழாய்க்குள் உள்ள புகை வானத்துக்கு. இதுதான் ஏற்பாடு.

உலர்த்தும் அறைக்குள் என்னை விடுமுன் மீனாட்சிசுந்தரம் கதவில் மறித்தான்.

"செருப்பைக் கழட்டு மாப்ளே."

கழற்றினேன்.

"வெங்காயம் தின்னியா?"

"காலையில சட்னி..."

"அப்ப மூச்சை அந்தப் பக்கம் விடு. காய் எல்லா வாசனையையும் இழுத்துக்கிரும்."

பெண்கள் தலையில் பூ வைத்துக்கொண்டு உள்ளே வரக்கூடாதாம். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் அவனே வாசலில் நின்றுதான் எட்டிப் பார்ப்பானாம். கோயில் கருவறைக்குக்கூட இத்தனை சட்டம் நான் பார்த்ததில்லை. மெத்தை மாதிரி தட்டு தட்டாக, பச்சை நிறம் குலையாமல், ஏலக்காய் சுகமாகப் படுத்திருந்தது. நான் எதிர்ச்சுவரைப் பார்த்து மூச்சு விட்டேன்.

பின்புறம் அடுப்படிக்குப் போனோம். மழைச்சாரல் அடுப்பை அணைத்துவிடக் கூடாதென்று நாலு பக்கமும் தகரம் அடைத்த கொட்டகை. உள்ளே புகை. புகைக்குக் கீழே இரண்டு கால்கள். கால்களுக்கு மேலே எங்கிருந்தோ இருமல். அடையாளம் தெரிந்துவிட்டது - கருப்பையா.

நான் குனிந்து பார்த்தேன். அடுப்பிலிருந்து குழாய் வளைந்து சுவருக்குள் நுழையும் இடத்தில் துரு தின்று, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. வானத்துக்குப் போகவேண்டிய புகையில் பாதி இங்கேயே இறங்கிக்கொண்டிருந்தது.

"குழாயில ஓட்டை இருக்குடா!"

"தெரியும் மாப்ளே. ஓட்டை காய் பக்கம் இல்ல. ஆள் பக்கந்தான்."

எத்தனை நிம்மதியாகச் சொன்னான் தெரியுமா? கெட்டவன் என்று நினைக்காதீர்கள். தீபாவளிக்கு எல்லாருக்கும் வேட்டி, சேலை எடுத்துக் கொடுப்பவன். குழாயை மாற்ற மூன்று நாள் அடுப்பை அணைக்க வேண்டும், பறித்த காய் அழுகிவிடும், சீசன் முடியட்டும் என்றான். "அவனுக்குப் பழகிருச்சுப்பா" என்றும் சேர்த்துக்கொண்டான்.

நான் வாதாடினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "வேணும்னா ஒரு தலைகாணி கொடுக்கச் சொல்றேன்" என்றான். இருமலுக்குத் தலையணை எதற்கு என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. நான் தோற்றுப்போய் மலை இறங்கினேன்.

அடுத்து நடந்ததைப் பேச்சியம்மாள் பிற்பாடு, மருந்து வாங்கப் போடிக்கு வந்தபோதுதான் என்னிடம் சொன்னார். செய்தியை வரிசையாகச் சொல்வது என் தொழில் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலாளி, மனிதர் இருமினால் நம்புவதில்லை, காய் இருமினால் நம்புவார் - இதைப் பேச்சியம்மாள் கண்டுகொண்டார். காய்ந்த ஏலக்காய் கொஞ்சம் எடுத்துத் துணியில் முடிந்து, அடுப்படியில் புருஷன் தலைக்கு நேரே ஓர் ஆணியில் தொங்கவிட்டார். நாலு நாள். கருப்பையா குடித்த அதே புகையைக் காயும் குடித்தது. மூட்டை தைப்பது பேச்சியம்மாள் வேலை. லோடு மலை இறங்குகிற அன்று, ஒவ்வொரு மூட்டை வாயிலும் ஒரு பிடியைப் போட்டுத் தைத்துவிட்டார்.

போடி மண்டிக்கு லோடு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மீனாட்சிசுந்தரம்தான், "வா மாப்ளே, நம்ம காய்க்கு இருக்கிற மரியாதையைப் பாரு" என்று இழுத்துப் போயிருந்தான்.

மண்டிக்காரர் முதல் மூட்டையைப் பிரித்தார். ஒரு பிடி அள்ளினார். இரண்டு கையாலும் பொத்தி, வாயால் ஆவி ஊதி, மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார்...

திறந்தபோது கண்ணில் தண்ணீர்.

"என்னண்ணே இது? ஏலக்காயா, கருவாடா?"

"என்னது?"

"நீங்களே மோந்து பாருங்க. இதைப் பாயசத்துல போட்டா, பாயசம் இருமும்!"

இரண்டாவது மூட்டை, மூன்றாவது மூட்டை... ஒரே தீர்ப்பு. மீனாட்சிசுந்தரம் ஒவ்வொரு மூட்டையிலும் மூக்கை விட்டான். முகம் சாம்பலாகிவிட்டது. "காய்க்குப் புகை புடிச்சிருச்சே... காய்க்குப் புகை புடிச்சிருச்சே..." என்று புலம்பினான். கருப்பையாவுக்காக அவன் குரல் இப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

"ஸ்டோர்ல எங்கயோ குழாய் ஓட்டை. சரி பண்ணிட்டுக் கொண்டாங்க. அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதீக" என்றார் மண்டிக்காரர்.

அன்றே இரும்புப் பட்டறை ஆசாரியை ஜீப்பில் ஏற்றினான். கூடவே புதுக் குழாய். "ஏண்ணே, சாப்பிட்டுட்டு வர்றேனே" என்றார் ஆசாரி. "வெரசா ஏறுங்க! அங்கே மூச்சு முட்டுது!" என்றான் மீனாட்சிசுந்தரம்.

யாருக்கு மூச்சு முட்டியது என்று நான் கேட்கவில்லை.

மூன்று நாள் ஆகும் என்றான் அல்லவா? ஆசாரி மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டார். புகைபோக்கி கூரைக்கு மேல் ஓர் ஆள் உயரம் ஏறியது. புகை திரும்பி வந்து தங்கிவிடக் கூடாதென்று அடுப்படித் தகரத்தில் இரண்டு ஜன்னல் வெட்டினார்கள். விறகு நனையாமல் இருக்கத் தனிக் கூரை போட்டார்கள். எல்லாம் காய்க்காக.

நமக்கும் இதே பழக்கம்தான். கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் ரயில் எஞ்சின் கரி விழுந்தால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சண்டைக்குப் போகிறோம். ரசத்தில் புகை வாசனை வந்தால் தட்டை நகர்த்துகிறோம். அந்த ரசம் கொதிக்கிற வரை அடுப்பை ஊதியவர் என்ன வாசனையில் நின்றார் என்று யாராவது கேட்கிறோமா? வேட்டிக்கு விலை உண்டு. ரசத்துக்கு ருசி உண்டு. நுரையீரலுக்குத்தான் மண்டி இல்லை; மோந்து பார்த்து, வேண்டாம் என்று திருப்பி அனுப்ப ஆளும் இல்லை.

போகட்டும், கதைக்கு வருகிறேன். ஒரு வாரம் கழித்து அதே மூட்டைகள் மண்டிக்கு வந்தன. இடையில், எஸ்டேட்டுக்குத் திரும்பிய மூட்டைகளின் வாயைப் பேச்சியம்மாள் பிரித்து, புகைக் காயை அள்ளி அடுப்பில் போட்டுவிட்டு, மறுபடி தைத்திருந்தார். மண்டிக்காரர் மோந்தார். சிரித்தார். லோடு உள்ளே போனது.

மீனாட்சிசுந்தரத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா மாப்ளே! குழாயை மாத்துனதும், முன்னாடியே காஞ்ச காய்கூடத் தேறிருச்சு!"

இது எப்படிச் சாத்தியம் என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்கவிடாமல் நானும் அவனுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன்.

இதை இங்கே எழுதினால் பேச்சியம்மாளுக்கு ஆபத்து வராதா என்று கேட்பீர்கள். பெயர்களை மாற்றிவிட்டேன். தவிர, மீனாட்சிசுந்தரம் பத்திரிகையில் ஏலக்காய் விலையைத் தாண்டிப் படித்ததாகச் சரித்திரம் இல்லை.

தையில் மறுபடி மலைக்குப் போயிருந்தேன். இந்த முறை அடுப்படியில் முழு ஆளும் தெரிந்தார். அங்கே கருப்பையாவின் மீசை வரை என் கண்ணுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை இருமினார். கெட்டுப்போன நெஞ்சு முழுதாகத் தேறாது, ஆனால் இனி மேலும் கெடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

"இப்ப மேடு ஏறையில ஒரே ஒரு இடத்துலதான் நிக்கிறேங்கய்யா" என்றார் கருப்பையா.

"அதுவும் நான் நிக்கிறதுக்காக நிக்கிறாராம்! எனக்கு மூச்சு வாங்குதாம்!" என்றார் பேச்சியம்மாள்.

திரும்பும்போது ஜீப்பை ஓட்டிக்கொண்டே மீனாட்சிசுந்தரம் மிகவும் யோசனையாக இருந்தான். கடைசியில் என் தோளைத் தட்டினான்.

"மாப்ளே, நீ பத்திரிகையில எழுதுறவன். நாலு பேருக்குப் பிரயோஜனமா இதை எழுதணும்டா. புகை ரொம்பக் கெடுதல். ஏலக்காய்க்கு ஆகவே ஆகாது!"

எழுதிவிட்டேன்.