அத்தை பாஸ் போட்ட குஞ்சுகள்

எதைக் கையில் கொடுத்தாலும் அத்தை முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பாள். பாத்திரமா, அடிப்பக்கம். செருப்பா, உள்ளங்கால் படும் இடம். நான் பட்டம் வாங்கி வந்து சான்றிதழை நீட்டியபோது அப்பா முன்பக்கத்தைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்துக்குள் அப்படி ஒரு காகிதம் வந்தது அதுதான் முதல் தடவை. அத்தை அதை வாங்கி, திருப்பி, "பின்னாடி ஒண்ணும் போடலியே" என்றாள்.

தொழில் பழக்கம். அத்தைக்குச் சட்டை கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை உள்வெளியாகத் திருப்பி, பக்கத் தையலை விரலால் ஓட்டி, பிசிறு நூலை நறுக்கி, சரியாக இருந்தால் தன் நம்பர் போட்ட பாஸ் ஸ்டிக்கரை ஒட்டுவாள். இருபத்து மூன்று வருஷம் இதையே செய்தவளுக்கு உலகத்தில் இரண்டே வகைதான். ஒன்று பாஸ், இல்லையென்றால் ரிட்டர்ன். நடுவில் ஒன்று இருக்கலாம் என்று சொல்லத்தான் நான் மூன்று வருஷம் விலங்கியல் படித்தேன் போலிருக்கிறது.

அப்பாவின் தங்கையான அத்தை எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். அறை அப்பாவுடையது, கட்டில் அம்மா கொடுத்தது, மின்விசிறி நான் கழற்றிக் கொடுத்தது. கொல்லைச் சுவரை ஒட்டி நிற்கும் கோழிக்கூடு மட்டும் முழுக்க அவளுடையது. பழைய பெட்டிப் பலகையை அறைந்து, வலை அடித்து அவளே கட்டினாள். வேலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக அங்கேதான் போவாள்.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸாக இருப்பவரின் படுக்கையறை ஜன்னல். அத்தைக்கு அவர் 'நர்ஸ் தம்பி'. அவருக்கு எப்போதும் இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் மதியத்துக்கு மேல்தான் எழுந்திருப்பார். இரண்டு வீட்டுக்கும் ஒரே வீட்டுக்காரர். நர்ஸ் தம்பி அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூடு காலி. ஆனால் அவர் நல்ல மனுஷர்.

"கோழி வளத்துக்கங்கக்கா, எனக்கொண்ணும் இல்ல. சேவல் மட்டும் வேணாம். நான் தூங்கறதே பகல்லதான்."

"சேவலா? என் கூட்டுலயா? ஒரு சேவல் கூவட்டும் தம்பி, கூட்டை நானே பிரிச்சு அடுப்புல வெச்சிடறேன்."

இப்படி வாயைக் கொடுத்துவிட்டு, மறுவாரமே ரொட்டிக்கடைக்காரரிடம் முட்டை வாங்கி அடைவைத்தாள். அவர் வீட்டில் சேவலும் கோழியும் கலந்து திரியும். ஒப்பந்தம் எளிமையானது. முட்டை அவருடையது, பொரிக்கும் குஞ்சில் பெட்டை அத்தைக்கு, சேவல் அவருக்கு. கறிக்கு ஆகும் என்று அவருக்கும் சந்தோஷம்.

ஒன்பது குஞ்சு பொரித்தன. ஈரம் காய்ந்ததும் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, மல்லாத்தி, இறக்கையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"பாத்துக்கடி. ஓரத்துல ரெண்டு வரிசை ரோமம் இருக்கா? ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டைன்னா பெட்டை. ரெண்டும் சமமா இருந்தா சேவல். அவ்வளவுதான்."

"யார் சொன்னா?"

"குஞ்சு விக்கிற வண்டிக்காரர். அவர் இறக்கையைப் பாத்தே கூடை கூடையாப் பிரிப்பாரு."

நான் தேடிப் படித்தேன். வண்டிக்காரர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது பண்ணைக் குஞ்சுக்குப் பொருந்தும். அதற்கென்றே தாய் தகப்பனைத் தேர்ந்து சேர்த்திருப்பார்கள். ரொட்டிக்கடைக்காரர் வீட்டு முட்டைக்குத் தகப்பன் யார் என்று அந்தக் கோழிக்கே சந்தேகம் இருக்கும். அதன் இறக்கையைப் பார்ப்பதும் காசைச் சுண்டிப் போடுவதும் ஒன்றுதான். இதை அத்தையிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

"அதெல்லாம் கோழிக்குத் தெரியாதுல்ல" என்றாள்.

"சரி, உன் படிப்பு என்ன சொல்லுது? எது பெட்டை?" என்று அவளே கேட்டாள்.

"இப்பச் சொல்ல முடியாது அத்தை. ரெண்டு மாசம் போகட்டும். கொண்டை சிவக்குதா, கால் தடிக்குதான்னு பாத்துச் சொல்லலாம்."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். "ரெண்டு மாசம் கழிச்சு நானும் சொல்லுவேன், தெருவுல போறவனும் சொல்லுவான். இதுக்கா அண்ணே ஃபீஸ் கட்டின?"

அப்பா செய்தித்தாளுக்குள் போய்விட்டார். எனக்கும் அன்று முழுக்க அது உறுத்தியது. தெரியாது என்று சரியாகச் சொல்வதற்கா இவ்வளவு செலவு? வேலைக்கு நேர்காணல் போகும் இடங்களிலும் நான் இப்படித்தான் யோசித்து யோசித்துப் பதில் சொல்கிறேன். அத்தை மாதிரி ஆட்களைத்தான் உடனே எடுத்துக்கொள்கிறார்கள்.

கம்பெனியிலிருந்து கொண்டுவந்த நூலை அத்தை காலில் கட்டினாள். பெட்டைக்கு வெள்ளை, சேவலுக்குச் சிவப்பு. கால் பெருக்கப் பெருக்க அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினாள். வெள்ளை ஐந்து, சிவப்பு நான்கு. தாயை விட்டுப் பிரிந்ததும் சிவப்பு நான்கையும் ரொட்டிக்கடைக்காரர் அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துப் போனார்.

வெள்ளை நூலில் ஒன்றின் மேல் அத்தைக்குத் தனிப் பிரியம். மார்பை நிமிர்த்தி, மற்றதை எல்லாம் தள்ளிக்கொண்டு முதலில் தீனிக்கு வரும். கம்பெனி சூப்பர்வைசர் நடையே அப்படித்தான் என்று அதற்கு 'மேடம்' என்று பெயர் வைத்தாள். எனக்கு மேடத்தின் மேல் சந்தேகம் வந்தது. கொண்டை எழும்பிச் சிவக்க ஆரம்பித்திருந்தது. கால் இரண்டும் விரல் தடிமன்.

"அத்தை, மேடம் மேடமாட்டம் தெரியல."

"வெயில்ல நின்னா யாருக்கும் முகம் சிவக்கத்தான் செய்யும்."

"கால்?"

"நல்லா சாப்பிடுது. உன்னை மாதிரியா?"

ஒரு விடுமுறைக் காலை. நர்ஸ் தம்பி ஷிப்ட் முடிந்து வந்து ஜன்னல் திரையை இழுத்துவிடுவதைப் பார்த்தேன். அத்தை கூட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். மேடம் கவிழ்த்த வாளி மேல் ஏறி நின்றது. கழுத்தை நீட்டியது. துருப்பிடித்த கதவைத் திறப்பது போல ஒரு சத்தம் அதிலிருந்து வந்தது.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்தாள். மேடம் இன்னொரு தடவை முயன்றது. இந்தத் தடவை கொஞ்சம் தேறிவிட்டது.

திரை விலகியது. "அக்கா."

"தூங்கலியா தம்பி?"

"என்ன சத்தம் அது?"

"அதுக்குச் சளி. ரெண்டு நாளா இருமுது."

"நான் நர்ஸ்க்கா. இருமல் எனக்குத் தெரியும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் கொல்லைக்கே வந்துவிட்டார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அத்தை மேடத்தை இடுக்கிக்கொண்டு கூட்டுக்கு முன்னால், அதை மறைத்த மாதிரி நின்றாள். அவள் கை வலையைப் பிடித்திருந்தது. சொன்ன வாக்குப்படி கூட்டை இன்று பிரிக்க வேண்டும். அது மூன்று பேருக்கும் தெரியும். நான் ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்தேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பது தவிர எதுவும் வாயில் வரவில்லை.

நர்ஸ் தம்பி கூட்டைப் பார்த்தார், அத்தையின் கையைப் பார்த்தார்.

"கூடு இருக்கட்டும்க்கா. சேவலை இன்னிக்கே அனுப்பிடுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்."

"சொல்லு தம்பி. வாரம் பத்து முட்டை தரேன்."

"முட்டை வேணாம். 'நான் சொன்னது தப்பு'ன்னு ஒரு தடவை சொல்லிடுங்க. நிம்மதியாப் போய்த் தூங்கறேன்."

அத்தை மேடத்தைத் திருப்பி, இறக்கையை விரித்துப் பார்த்தாள்.

"அன்னிக்கு இறக்கை சரியாத்தான் இருந்துச்சு. கோழிதான் மாறிடுச்சு."

அவர் சிரித்தாரா, கொட்டாவி விட்டாரா என்று சொல்ல முடியாது. "சரிக்கா, எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க" என்று போய்விட்டார்.

மேடம் அன்று மாலையே ரொட்டிக்கடைக்குப் போனது. அடுத்த வாரம் இன்னொரு வெள்ளை நூலும் பின்னாலேயே போனது. ரொட்டிக்கடைக்காரர் வேறு ஒரு செய்தி வைத்திருந்தார். அத்தை கொடுத்த நான்கு சேவலில் இரண்டுக்கு இன்னும் கொண்டையே வரவில்லையாம். "இதுங்க முட்டை போட்டா நான் திருப்பித் தர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். அத்தை, "நான் கட்டினது சிவப்பு நூல்தான்" என்று முடித்துக்கொண்டாள்.

பிடிவாதம் என்றுதான் நான் நினைத்தேன். ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க அவள் கம்பெனிக்குப் போனேன். செக்கிங் மேஜையில் ஒரு சட்டை திரும்பி வந்து கிடந்தது. அத்தை நம்பர் போட்ட ஸ்டிக்கர், கீழே அறுந்த தையல். சூப்பர்வைசர், "இது உங்களோடதுதானே?" என்றாள். அத்தை, "நான் பாக்கும்போது சரியா இருந்துச்சு" என்றாள். அதே குரல். ஆமாம் என்றால் அன்றைய கூலியில் பிடித்துக்கொள்வார்கள் என்று பக்கத்து மேஜைப் பெண் எனக்கு மெதுவாகச் சொன்னாள். 'தெரியாது' என்று என்னைச் சொல்ல வைக்க இந்தக் குடும்பம் காசு கட்டியது. அத்தை 'தப்பு' என்று சொன்னால் காசு போகும்.

இப்போது வாராவாரம் ஒரு கிண்ணம் முட்டை சுவர் மேல் ஏறுகிறது. வேண்டாம் என்றவர்தான் வாங்கிக்கொள்கிறார். வாங்கும்போது ஒரு நிமிஷம் கையை நீட்டியபடியே நிற்பார்.

"அக்கா, வேற ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுல லேசா விரிசல் இருக்கு தம்பி. அதை முதல்ல எடுத்துக்க."