புளி போட்டுத் தேய்த்த வில்லை

பாலக்கரையில் இருக்கும் என் அலுவலகத் தோழி மும்தாஜ், ஒரு பித்தளை வில்லையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பர்மா போரில் இறந்துபோன அவள் அத்தாவின், அதாவது அப்பாவின், பெரியப்பாவுடையது. ராணுவத்தில் கழுத்தில் போட்டுக்கொள்ளும், பேரும் எண்ணும் பொறித்த அடையாள வில்லை. "எங்க அடக்கம் பண்ணாங்கன்னு தெரிஞ்சா போதும்னு அத்தா சொல்றாங்க" என்றாள்.

விசாரித்துச் சொல்வதாக ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். வில்லை முழுக்கக் களிம்பு. வியாழக்கிழமை விளக்கு தேய்க்கும்போது அதையும் புளி போட்டு, நார் வைத்து அழுத்தித் தேய்த்தேன். தங்கமாக மின்னியது. படமெடுத்து, பழைய ராணுவப் பதிவுகளைத் தேடித் தருகிற ஒருவருக்கு அனுப்பினேன்.

"ஆள் சேர்த்த பதிவேட்டுல பாதி இல்லைங்க. இதே பேர்ல மூணு பேர் இருக்காங்க. அவங்க ஊரும் தகப்பனார் பேரும் பதிவுல இல்ல. நம்பர்தான் ஒரே வழி. கடைசி ரெண்டு இலக்கம் படத்துல தெரியலையே?" என்றார்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மேலோட்டமாகக் கீறியிருந்த எண்கள். கடைசி இரண்டு இருந்த இடத்தில் பளபளப்புதான் இருந்தது.

மும்தாஜின் அத்தாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். வில்லையைத் தடவிக்கொண்டே இருந்தார். "பரவால்லைம்மா. மூணு பேருக்கும் சேர்த்தே ஓதிடுறேன்" என்றார். திட்டியிருக்கலாம்.

இப்போதெல்லாம் யார் எந்தப் பழைய பொருளைக் கொடுத்தாலும் அழுக்கோடு படமெடுத்து, அழுக்கோடே திருப்பித் தருகிறேன். விளக்கு தேய்க்கும்போது மட்டும் அந்த மூன்று பேரும் நினைவுக்கு வருகிறார்கள்.