டிரில் மாஷோட ஏழாம் நம்பர்

எங்க அக்கா ஓடுவா. நான் பொறாமப்படுவேன். எழுபதுகளோட கடைசியில, மட்டாஞ்சேரியில எங்க ஒத்தை ரூம் வீட்டுல, ரெண்டு பேரும் அவங்கவங்க விஷயத்துல தினமும் தவறாம பயிற்சி எடுத்தோம். அவ கொஞ்ச வருஷத்துல விட்டுட்டா. நான் இன்னும் விடல.

அக்காவுக்கு அப்ப பதினாலு வயசு, தங்கச்சி எனக்குப் பத்து. அப்பாவுக்கு கார்ப்பரேஷன்ல குழாய் ரிப்பேர் வேலை. அம்மா பஜார் பக்கம் ஒரு குடோனுக்கு சுக்கு பொறுக்கப் போவா. ரெண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கத்துலருந்து வந்தவங்க. மலையாளம் பேசுவாங்க, படிக்கத் தெரியாது. நாங்க படிச்சது மலையாளப் பள்ளிக்கூடம். எங்களுக்குத் தமிழ்தான் எழுத்துக் கூட்டணும்.

ஸ்கூல்ல டிரில் வாத்தியாரை டிரில் மாஷ்னு கூப்பிடுவோம். அவரு ஒரு நாள் அறிவிச்சாரு. வர்ற ஞாயித்துக்கிழம பதினாலு கிலோமீட்டர் பயிற்சி ஓட்டம். ஸ்கூல்லருந்து தோப்பும்படி, பாலம் தாண்டி ஐலண்டு, அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பணும். நடுவுல நிக்காம, நடக்காம முடிக்கிறவங்கதான் ஜில்லா டீமுக்கு. அஞ்சு பிள்ளைங்க ஓடறதா ஏற்பாடு. எங்க அக்கா அதுல பாதி தூரம்கூட அதுவரைக்கும் ஓடினதில்ல. ஒரு வாரத்துல உடம்பையும் மனசையும் எப்படித் தயார் பண்ணணும்னு மாஷ் ஒரு தாள்ல நம்பர் போட்டு மலையாளத்துல எழுதிக் குடுத்திருந்தாரு.

அக்கா படிச்சுக் காட்ட வந்தா. அம்மா விடல.

"ஓடறவ படிச்சா ஒரு முட்டைய நாலு முட்டைனு படிப்பா. ஏட்டி சின்னவளே, நீ படி. உனக்கு இதுல ஒண்ணும் இல்ல பாரு."

நடுநிலையான ஆளுனு என் வாழ்க்கையில எனக்குக் கெடச்ச ஒரே பதவி அது.

படிச்சேன். ஒண்ணு, தினமும் காலையில ஒரு முட்டை. ரெண்டு, ஒரு நேந்திரம்பழம். மூணு, ராத்திரி சீக்கிரம் தூங்கணும். நாலு, சாயங்காலம் கண்ணை மூடி உக்காந்து, ஓடப்போற வழி முழுக்க மனசுக்குள்ளயே ஓடிப் பாக்கணும். அஞ்சு, ஓட்டம் முடியற வரைக்கும் வீட்டுல யாரும் திட்டக் கூடாது, திட்டினா மனசு தளர்ந்துரும். ஆறு, ஓடித் திரும்பறப்ப பாலத்துக்குப் பக்கத்துல வீட்டாளு ஒருத்தர் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியோட நிக்கணும்.

அஞ்சு வந்தப்பவே எனக்கு வயிறு எரிய ஆரம்பிச்சிருச்சு. முட்டையக்கூட மன்னிச்சிருப்பேன். ஒரு வாரம் திட்டே கிடையாதுனு எழுத்துல உத்தரவு! எனக்கெல்லாம் காய்ச்சல் வந்தாலே, மழையில யாரு ஆடச் சொன்னாங்கிற திட்டோட சேர்த்துத்தான் மாத்திரை வரும்.

ஏழாவதா ஒண்ணு இருந்துச்சு. பாவாடை கட்டிக்கிட்டு இவ்வளவு தூரம் ஓட முடியாது, நிக்கர் போட்டுத்தான் ஓடணும், வீட்டுல சம்மதிக்கணும். அத நான் படிக்கல. அம்மாவுக்கு அந்த எழுத்துதான் தெரியாது, நம்பர் நல்லாவே தெரியும். ஒவ்வொரு நம்பரா விரலை வெச்சுக்கிட்டே வந்தா. புதுசா ஒண்ணு சேக்கணும்னா இருக்கறதுல ஒண்ணத் தூக்கணும். நிக்கரால எனக்கு என்ன லாபம்? தூக்கிட்டேன்.

"ஏழு, வீட்டுல தங்கச்சி இருந்தா அவளுக்கும் தினம் ஒரு முட்டை."

"தங்கச்சிக்கு எதுக்குட்டி?"

"கூட இருக்கவங்க திடமா இருந்தாத்தான் ஓடறவளுக்குத் தைரியம் வருமாம்."

அக்கா பக்கத்துலதான் இருந்தா. மாட்டினோம்னு நெனச்சேன். அவ என்னை ஒரு பார்வை பாத்துட்டு, தலையக் குனிஞ்சு, "ஆமாம்மா, அப்படித்தான் போட்டிருக்கு"ன்னுட்டா. போனாப் போகுது ஒரு முட்டைதானேங்கிற திமிருனு எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்த ஏழாவத அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுனு பயந்து அவ ஒரு நாள் பூரா தாளப் பையிலயே ஒளிச்சு வெச்சிருந்தது எனக்கு எங்க தெரியும்? நான் திருடினதா நெனச்சேன். அவளுக்கு உபகாரம் பண்ணியிருந்திருக்கேன்.

அந்த வாரம் பூரா அக்கா சாயங்காலம் வாசப்படியில கண்ணை மூடி உக்காருவா. நான் போய் முன்னால உக்காருவேன்.

"இப்ப எங்க போற?"

"பேசாத."

"தோப்பும்படி வந்துருச்சா?"

"இப்பத்தாண்டி பாலத்துல ஏறினேன். உன்னால மறுபடியும் ஸ்கூல்லருந்து வரணும், சனியனே."

மனசுக்குள்ள அவளை நான் திரும்பத் திரும்ப ஓட வெச்சதுக்கு, அந்த வாரத்துல அவ திருநெல்வேலிக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

இவ்வளவுதானா, நானும் ஓடறேன்னு ஒரு நாள் உக்காந்தேன். கண்ணை மூடினேன், ஸ்கூல் கேட்டைத் தாண்டினேன். முதல் சாயாக்கடையில சூடா பழம்பொரி போட்டுக்கிட்டிருந்தாங்க. என் ஓட்டம் அங்கயே முடிஞ்சுது.

வியாழக்கிழம அக்கா கைதவறி மண்பானையப் போட்டு உடைச்சா. அம்மா வாயத் திறந்தா. அஞ்சாம் நம்பர் ஞாபகம் வந்து மூடினா. வந்த திட்டை வீணாக்க மனசில்லாம என் பக்கம் திரும்பி, "நீ என்னட்டி பல்லக் காட்டிக்கிட்டு நிக்கற?"ன்னு ஆரம்பிச்சு முழுசாக் கொட்டித் தீத்தா.

சனிக்கிழம நான் சாமிகிட்ட நேராவே பேசினேன். அவ விழவெல்லாம் வேண்டாம் சாமி, அடிகிடி பட்டுரும். பாதியில நடந்தாப் போதும். பொறாமையிலயும் எனக்குனு ஒரு நியாயம் இருந்துச்சு.

ஞாயித்துக்கிழம விடியறப்ப அக்கா எப்பவும் போல பாவாடையில கிளம்பினா. கொஞ்ச நேரம் கழிச்சு அம்மாவும் நானும் கஞ்சித்தண்ணி பாட்டிலோட தோப்பும்படிப் பாலத்துக்கிட்டப் போய் நின்னோம். மீன் கூடையோட போன பொம்பளைங்க சிலரும் என்ன விசேஷம்னு கேட்டு நின்னுட்டாங்க.

முதல்ல ரெண்டு பிள்ளைங்க ஓடிப் போச்சு. அப்புறம் பாலத்து மேல எங்க அக்கா தெரிஞ்சா. பின்னால சைக்கிள்ல மாஷ். அக்காவோட முகம் ரத்தமாச் சிவந்திருந்துச்சு, தோள் தொங்கிருச்சு. கால் ரெண்டும் அடுத்தவங்க கால் மாதிரி தனியா வந்துக்கிட்டிருந்துச்சு. போட்டிருந்தது நிக்கர்.

எனக்கு சந்தோஷம் தாங்கல. சாமி கேட்டதுக்கு மேலயே குடுத்துட்டாருனு நெனச்சேன்.

"அம்மா, நிக்கர்! தொடை தெரிய நிக்கர் போட்டிருக்காம்மா!"

அம்மா என் பக்கம் திரும்பவே இல்ல. அக்கா எங்களக் கண்டதும் வேகம் குறைஞ்சு, நடக்கிற மாதிரி ஒரு காலை மெதுவா எடுத்து வெச்சா. அவ்வளவுதான், அம்மா சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு ரோட்டுல இறங்கிட்டா. அக்காவோட சேர்ந்து ஓடுறா!

"நடக்காதட்டி! குடிச்சுக்கிட்டே ஓடு. நான் வாரேன், ஓடு!"

பாட்டில்லருந்து பாதி கஞ்சி அக்கா வாயில, மீதி அம்மா சேலையில. ஒரு இருபது அடி அம்மா அப்படியே ஓடினா. மாஷ் சைக்கிள் மணிய விடாம அடிச்சாரு. அக்கா அதுக்கப்புறம் நடக்கவே இல்ல, டீம்லயும் சேர்ந்தா. அத விடுங்க.

அவ என்னைத் தாண்டறப்ப நான் நிக்கரைக் கிட்டப் பாத்தேன். மத்த பிள்ளைங்களோடது எல்லாம் கறுப்பு. இவளோடது காக்கி. எங்க அப்பாவோட யூனிபார்ம் பேன்ட்டு துணி, ஓரத்துல அம்மாவோட கைத்தையல். அப்படின்னா அம்மா அந்தத் தாள வேற யார்கிட்டயோ குடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கா. ஏழாம் நம்பர் என்னன்னு தெரிஞ்சுதான் தெச்சிருக்கா. தெரிஞ்ச பிறகும் எனக்கு தினம் ஒரு முட்டை அவிச்சு உரிச்சுக் குடுத்திருக்கா.

இதெல்லாம் அன்னைக்கு என் மண்டையில ஏறல. ஏறினது ஒண்ணே ஒண்ணுதான். அப்பா பேன்ட்டை வெட்டி அவளுக்கு மட்டும் புதுசா தெச்சுக் குடுத்திருக்காங்க, எனக்கு இல்ல. நடுரோட்டுல ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டேன்.

பக்கத்துல நின்ன மீன்காரச் சேச்சி கூடைய இறக்கி வெச்சுட்டு, முந்தானையால என் மூக்கைத் துடைச்சுவிட்டா.

"பாவம் கொச்சு! சேச்சி கஷ்டப்படறது சகிக்கல அதுக்கு. எந்தொரு ஸ்நேகம்!"

அக்கா படற பாட்டைப் பாத்துப் பாசத்துல அழறேனாம். நான் மறுக்கல. இன்னும் கொஞ்சம் சத்தமா அழுதேன். மூச்சு வாங்கிக்கிட்டே திரும்பி வந்த அம்மா அதக் கேட்டுட்டு என்னையே பாத்தா. பாத்துக்கிட்டே சிரிச்சா. அவளும் நம்பிட்டானு நெனச்சேன்.