கோட்டுக்குள் ஒரு வேன்

எங்கள் கடையில் அடுப்பு வாங்குவதைவிட வீடு வாங்குவது சுலபம் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறவள் நான். அடுப்பு விற்கிறவள் என் அண்ணி. விற்கிறவள் என்பதே பொய், விரட்டுகிறவள்.

கேரவன் வேனில் ஊர் சுற்றுகிறவர்கள் வெளியில் வைத்துச் சமைக்கிற அடுப்புகள்தான் எங்கள் வியாபாரம். பெட்டி மாதிரி மூடித் தூக்குகிற இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, டப்பா கேஸைத் திருகி மாட்டுகிற ஒற்றை அடுப்பு, காலை மடக்கி வைக்கிற கரி அடுப்பு. வேறு கடையென்றால் விலையைச் சொல்வார்கள், எடையைச் சொல்வார்கள், கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அண்ணியோ வந்தவர்களைக் கடைக்குப் பின்னால் இருக்கிற சிமென்ட் முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாள். அங்கே தரையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு வேன் வரைந்திருக்கிறது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கோடு கிடையாது.

"இதுதான் உங்க வண்டி. சமைங்க பாக்கலாம்" என்பாள்.

கோட்டுக்கு வெளியே, தீ இல்லாத அடுப்பில், காலிப் பாத்திரத்தை வைத்துச் சமைக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, குனிந்தால் முதுகு பிடிக்கிறதா, டப்பா தீர்ந்தால் மாற்றுவதற்குக் கை போகிறதா, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டைகூட வரும். "ரெண்டு பேருக்கு இவ்வளவு பெரிய பெட்டி எதுக்கு?" என்று அவளே விலை குறைந்ததை எடுத்துக் கொடுப்பாள். என் வயிறு எரியும். அதுவரைக்கும்கூடப் பரவாயில்லை. அப்புறம், சொல்லாமல் கொள்ளாமல் தோட்டக் குழாயைத் திறந்து அவர்கள் தலைக்கு மேல் பீய்ச்சுவாள்.

"மழை வந்துடுச்சு. இப்ப என்ன பண்ணுவீங்க?"

பாதிப் பேர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்குள் பாய்வார்கள். அப்படிப் பாய்ந்தவர்களுக்கு அண்ணி கரி அடுப்பு தர மாட்டாள். தலைகீழாக நின்றாலும் தர மாட்டாள். நனைந்தவர்களுக்குத் துண்டு கொடுத்து, அவர்கள் திட்டுவதையும் வாங்கிக் கட்டிக்கொண்டு வாசல் வரை போய் வழியனுப்புவது என் வேலை.

"இப்படியே போனா நாம ரெண்டு பேரும் அந்தப் பெயிண்ட் வண்டியிலதான் குடியிருக்கணும், அண்ணி."

"இருந்துட்டுப் போவோம். வாடகை மிச்சம்" என்பாள்.

அதற்கு மேல் கோபித்துக்கொள்ளவும் எனக்கு மனசு வராது. என் அண்ணன் செத்ததே ஒரு கரி அடுப்பால்தான். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் வேன் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். போன இடத்தில் மழை. சமைத்து முடித்த கரி அடுப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. தீ போன பிறகும் கரி உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்குமாம், விஷக் காற்றை விடுமாம். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அந்த நேரத்தில் அண்ணி எங்கே இருந்தாள் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவளும் சொன்னதில்லை. அன்றிலிருந்து 'அணைச்சாச்சு' என்ற வார்த்தை மட்டும் அவளுக்கு ஆகாமல் போயிற்று. "தீய அணைச்சியா, கரிய அணைச்சியா?" என்று கேட்டு உயிரை வாங்குவாள். வீட்டில் லைட்டை அணைத்தால்கூட 'நிறுத்தியாச்சு' என்றுதான் நான் சொல்ல வேண்டும்.

வானம் மூடிக்கொண்டு கிடந்த ஒரு மத்தியானம் ஒரு குடும்பம் வந்தது. கண்ணாடி போட்ட ஒரு மனுஷன், அவர் மனைவி, அவள் கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண். "பெரிய கரி அடுப்பு வேணும். எங்ககிட்ட இருக்கிறது பத்தல" என்றார் அவர். பேச்சு நிதானமாக இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே நிதானம். மூன்று பேரும் சுவரைத் தொட்டுக்கொண்டே முற்றத்துக்கு நடந்தார்கள்.

எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சியும் காலிப் பாத்திரத்தைக் கிளறும்போது ஒரு தடவையாவது சிரிக்கும். இவர்கள் சிரிக்கவில்லை. அண்ணி குழாயைத் திறந்தாள். தண்ணீர் தலையில் விழுந்தது. ஒருவர்கூடத் துள்ளவில்லை, கத்தவில்லை. அவர் மெதுவாக அடுப்பைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்குள் போனார். மனைவி போனாள். குழந்தை போனது. அப்புறம் அவர் திரும்பி, இல்லாத கதவை இழுத்துச் சாத்தினார். இத்தனை வருஷத்தில் யாரும் அந்தக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

"அடுப்பு?" என்றாள் அண்ணி.

"அணைச்சாச்சு" என்றார்.

தொலைந்தார் மனுஷன் என்று நினைத்தேன். ஆனால் அண்ணி கையில் குழாயைப் பிடித்தபடி குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈர சிமென்டில் கன்னத்தை வைத்து அது படுத்துவிட்டது. முகத்தில் தண்ணீர் கொட்டுகிறது, கண் மூடிக் கிடக்கிறது.

"பாப்பா என்னமா நடிக்குது!" என்று நான்தான் சிரித்துவைத்தேன். அவர் கை மேலே போய் நெற்றிப்பொட்டைத் தேய்த்தது. மனைவியின் கையும் அதே இடத்துக்குப் போனது. கண்ணைத் திறக்காமலே குழந்தையின் கையும் போனது.

அண்ணி குழாயைக் கீழே போட்டாள். "தலை வலிக்குதா?"

"காலைலேர்ந்து வலி" என்றார் அவர்.

"மூணு பேருக்குமா?"

"நாலு பேருக்கும்" என்றாள் மனைவி. "என் தங்கச்சிக்குத்தான் ரொம்ப முடியல. வண்டியிலயே படுத்திருக்கா."

"உங்க பழைய அடுப்பு எங்க?"

"அதுவும் வண்டியிலதான், பின்னாடி. காலைல சமைச்சுட்டு, அணைச்சு…"

அவள் முடிப்பதற்குள் அண்ணி அங்கே இல்லை. செருப்பு மட்டும் கிடந்தது. குழந்தையை வாரிக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

தெருவோரம் வேன் நின்றது. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது, உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. பின் ஜன்னலில் ஒரு கன்னம் ஒட்டிக்கொண்டிருந்தது. இளம் பெண். முகம் அவ்வளவு அழகாகச் சிவந்திருந்தது, இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி. அண்ணி கண்ணாடியைத் தட்டினாள். அந்தக் கன்னம் அசையவில்லை. கண்ணாடிக்காரர் தள்ளாடிக்கொண்டு வந்து சாவியை எடுத்தார். பூட்டுக்குப் பக்கத்தில் தகரத்தில் குத்தினார், மறுபடியும் தகரத்திலேயே குத்தினார். சாவியைப் பிடுங்கக்கூட அண்ணிக்குப் பொறுமையில்லை. கடை வாசலில் காட்சிக்கு வைத்திருந்த பெட்டி அடுப்பைத் தூக்கி வந்து முன் ஜன்னலில் ஒரே போடாகப் போட்டாள். கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. உள்ளே கையை விட்டுக் கதவைத் திறந்தாள்.

அந்தப் பெண்ணை அக்குளில் கை கொடுத்து இழுத்து வந்து நடைபாதையில் போட்டாள். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன்.

"எந்திரி! தூங்காத! தூங்காதங்கறேன்ல!" அண்ணி அவள் கன்னத்தில் அறைந்தாள், தோளைப் பிடித்து உலுக்கினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. 'கடவுளே, இவளையாவது விடு' என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம் அந்தப் பெண்ணின் வயிறு எக்கியது. அண்ணியின் மடியிலேயே அவள் வாந்தி எடுத்தாள். வாந்தியைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். இருமினாள், அழுதாள், "அக்கா எங்க?" என்று கேட்டாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் நான்கு பேர் முகத்திலும் ஆக்ஸிஜன் மாட்டினார்கள். அந்த மனைவி அதைப் பிடுங்கிப் பிடுங்கி எடுத்துவிட்டு அண்ணியிடம் எதையோ சொல்லப் பார்த்தாள்.

"முதல்ல மூச்சு விடும்மா. அப்புறம் பேசலாம்."

"இல்லக்கா, நான் கடைக்கு வர்றதுக்கு முன்னால தொட்டுப் பாத்தேன். நல்லா தூங்குறாளேன்னு எழுப்ப மனசு வரல. சத்தத்துல முழிச்சுக்குவாளோன்னு கதவ மெதுவா சாத்திட்டு வந்தேன். நானேதாங்க்கா சாத்துனேன்."

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சேலையெல்லாம் வாந்தி, முழங்கையில் கண்ணாடி கிழித்த ரத்தம்.

"நானும் மெதுவாத்தாம்மா சாத்துனேன்" என்றாள். "குளிருமேன்னு போர்வையும் போத்திவிட்டேன். அப்புறம்தான் பாத்திரம் கழுவப் போனேன்."