பற்றரி கிடைக்காத வீடியோ கேம்

பிள்ளைகளே, கல்முனைக் கடைத்தெருவில் வெளிநாட்டுச் சாமான் விற்ற ஒருவர் இருந்தார். தொப்பி போட்ட ஒல்லியான மனிதர்; அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவேன். எதையும் தானே இயக்கிப் பார்க்காமல் விற்கமாட்டார்.

குர்ஆன் ஓதி முடித்தால் வீடியோ கேம் வாங்கித் தருவதாக என் மகளிடம் சொல்லியிருந்தேன். முடித்துவிட்டாள். அவர் கடையில் உள்ளங்கையளவில் ஒன்று இருந்தது.

“விக்க மாட்டன் தம்பி. இதுக்குரிய சின்னப் பற்றரி இந்தப் பக்கம் எங்கயும் இல்ல. ரெண்டு கிழமையில நிண்டிரும், புள்ள அழும்.”

“மகளுக்கு வாக்குக் குடுத்திட்டன் காக்கா.”

“அப்ப காசில்லாம சும்மா கொண்டு போங்க. நிண்டதும் கொண்டு வாங்க.”

இரண்டு வாரத்தில் அது நின்றதும் எடுத்துக்கொண்டு மகளோடு போனேன். கேமைக் கையில் வாங்கிப் பார்க்கவும் இல்லை அவர்.

“எத்தின பொயின்ட் எடுத்தீங்க மகள்?”

“தொள்ளாயிரம்!”

“அல்லாஹ்! நான் நூறையும் தாண்டல்லயே!”

இப்படியிருந்து எப்படித்தான் கடை நடத்தினாரோ! ஆனால் அன்றிலிருந்து மணிக்கூடென்றாலும் ரேடியோவென்றாலும் நான் வேறு கடைக்குப் போனதில்லை.