துபாயிலிருந்து நான்கு மணி நேரம்

இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கோவிந்தன் இன்றும் காட்டுப்பாக்கத்தில்தான் இருக்கிறான். சந்தேகமென்றால் போய்க் கேளுங்கள். ஆனால் அவன் அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள்.

1992, மே மாதம். கத்திரி வெயில். முந்தின இரவு அவன் அப்பா துலுக்கானம் இறந்துபோனார். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் மனோகரன் துபாயில். பகல் ஒரு மணிக்கு எதிர் வீட்டுப் போனில் அழுதான். நம் ஊர் நேரம் ஒன்றரைக்கு விமானமாம். "நான் வந்துதான் கொள்ளி வெக்கணும். எடுத்துடாதீங்கடா."

துபாய்க்கும் மெட்ராசுக்கும் கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர். விமானத்தில் நான்கு மணி நேரம். ஐந்தரைக்கு மீனம்பாக்கத்தில் இறங்கி, வீடு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பிணத்தைச் சுற்றி வைத்த ஐஸ் உருகித் தெருவரை ஓடியது. சித்தப்பா அய்யாசாமி பொறுமையிழந்து கோவிந்தனிடம் திரும்பினார்.

"பிளேனு இன்னா பூந்தமல்லி பஸ்ஸா, சீக்கிரம் ஓட்டுன்னு டிரைவராண்ட சொல்றதுக்கு? நாலு மணிக்கு எடுத்துரலாம். நீயே வெச்சிடு."

அம்மா பார்வதம் ஒத்துக்கொள்ளவில்லை. பெரியவன் வராமல் எடுக்கக் கூடாது என்று பாடையைப் பிடித்துக்கொண்டாள்.

மணி மூன்றே முக்கால். மேளம் சட்டென்று நின்றது.

தெருமுனையில் மனோகரன்.

கையில் பெட்டி இல்லை. வந்துவிட்டானே என்ற நிம்மதியில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கோவிந்தன் அண்ணனின் கையைப் பிடித்தான். அந்த வெயிலிலும் சில்லென்றிருந்தது. எப்படி வந்தாய் என்று கேட்டான். அண்ணன் காதைத் தொட்டுக் காட்டினான்.

"காது அடச்சிக்கினு கீது."

அவ்வளவுதான் பேச்சு.

சுடுகாட்டில் குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று சுற்றினான். குடம் உடைந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு கொள்ளி வைத்தான்.

அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. எல்லாரும் நடந்தார்கள். கடைசியில் கோவிந்தன். அவனுக்குப் பின்னால் அண்ணன்.

சரக்... சரக்... சருகில் காலடி.

கோவிந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்தேகால். அப்போதுதான் உறைத்தது. ஒன்றரைக்குக் கிளம்பிய விமானம் இன்னும் தரையிறங்கவே இல்லை.

அப்படியென்றால்... பின்னால் யார்?

சரக்...

சரக்...

நின்றுவிட்டது.

அவன் திரும்பவில்லை.

குளிக்கக் கிணற்றடிக்குப் போனபோதுதான் மற்றவர்கள் பார்த்தார்கள். அண்ணன் இல்லை.

ஆறே முக்காலுக்கு ஒரு டாக்சி வந்து நின்றது. பெட்டியோடு மனோகரன் இறங்கினான். அப்பா எங்கே என்று கேட்கவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் நேராகக் கிணற்றடிக்குப் போனான். சட்டையோடு தலையில் தண்ணீரை இறைத்து இறைத்து ஊற்றிக்கொண்டான்.

கூடவே ஒருவர் இறங்கினார். பெயர் பால்ராஜ், விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர். மனோகரனைத் தனியாக அனுப்பப் பயந்து வந்தாராம். கோவிந்தனை ஓரமாக அழைத்துப் போனார்.

"நம்மூரு டைமு மூணரைக்குக் கண்ண மூடினாரு உங்கண்ணன். மூச்சு இல்ல. ஒடம்பு ஐசு. பிளேன்ல வந்த டாக்டரே பாத்துட்டுக் கைய விரிச்சிட்டாரு. மூஞ்சி வரைக்கும் போர்வைய இஸ்து மூடிட்டாங்க."

கோவிந்தன் கிணற்றடிப் பக்கம் பார்த்தான்.

"அஞ்சேகாலுக்கு எழுந்து குந்தினாரு. தொட்டா ஒடம்பு கொதிக்குது... குளிக்கத் தண்ணி கேட்டாரு."