பாயின்ட் ஆறு ஆறு

"நீங்க பாயின்ட் ஆறு ஆறு தானே?"

போன ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்கோட்டையில் ஒரு கல்யாணம். மணமக்களோடு போட்டோ எடுத்துக்கொள்ள மேடைக்கு நீள வரிசை. மனைவி பந்தியில் இடம் பிடிக்கப் போய்விட்டதால், கிஃப்ட் பார்சலோடு நான் மட்டும் நின்றிருந்தேன். அப்போதுதான் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் திரும்பி இப்படிக் கேட்டார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி. அடையாளம் தெரிய அரை நிமிஷம் ஆயிற்று.

கனகவல்லி.

எழுபத்தெட்டு வயதில் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டால் டாக்டரிடம் ஓடுவோம். நான் ஓடவில்லை.

சரி, பேரை விட்டுவிட்டு என்னை ஏன் தசமத்தில் கூப்பிட்டார்?

சத்தியவேட்டில் மூன்றாம் பாரம் படித்தோம் — இன்றைய எட்டாம் வகுப்பு. பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பேசக் கூடாது, பென்சில்கூடக் கேட்கக் கூடாது. ஆனால் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் மட்டும் எங்கள் கணக்கு சார் இந்தச் சட்டத்தை மறந்துவிடுவார். பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு எண் எழுதி, காலையிலேயே ஆளுக்கொன்று கொடுப்பார். சாயங்காலம் மைதானத்தில் எண்களின் வரிசைப்படி நிற்க வேண்டும். பெரிய எண் முன்னால், சிறியது பின்னால். எட்டில் ஐந்து, அதற்குப் பின்னால் ஐந்தில் மூன்று... இப்படி.

ஒரே மதிப்புள்ள இரண்டு அட்டைகள் வந்தால்? பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். பையனா, பெண்ணா என்று சார் பார்க்க மாட்டார்.

கனகவல்லிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தடவை நின்றுவிட வேண்டும். அந்த வருஷம் முழுக்க எனக்கிருந்த லட்சியம் அதுதான். சத்தியவேடு மெட்ராஸ் ராஜ்யத்துக்கா, ஆந்திராவுக்கா என்று டீக்கடையில் பெரியவர்கள் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லை எங்கே போனால் எனக்கென்ன?

அந்த வெள்ளிக்கிழமை அவளிடம் மூன்றில் இரண்டு. என்னிடம் எட்டில் ஐந்து. இரண்டை மூன்றால் வகுத்தேன். ஆறு வந்தது, மறுபடி ஆறு வந்தது... அதற்குள் பின் பெஞ்சுப் பையனிடம் 0.66 இருப்பது கண்ணில் பட்டுவிட்டது. இன்னும் மீதி இருக்கிறதே என்று யோசித்தேனா? இல்லை. நாலு நெல்லிக்காய் கொடுத்து அட்டையை மாற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றேன். மூன்று விநாடி இருக்கும். சார் வந்துவிட்டார்.

"மூணுல ரெண்டுன்னா ஆறு நிக்காம வந்துக்கினே இருக்கும்டா. உன்னுது ரெண்டு ஆறோட நின்னுபோச்சி. எவ்ளோ கம்மி, சொல்லு."

மண்ணில் குச்சியால் போட்டுப் பார்த்தேன். "நூத்தம்பதுல ஒரு பங்கு, சார்."

"கம்மின்னா கம்மிதான். பின்னால போ."

அவள் பக்கத்தில் வந்து நின்றவன் முனுசாமி. அவன் அட்டையில் பாயின்ட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு ஆறு. அதன் தலையில் சின்னதாக ஒரு புள்ளி. ஆறு முடியாமல் வந்துகொண்டே இருக்கும் என்பதற்கு அடையாளம். காலையில் அந்த அட்டையை நானும் பார்த்தேன். வெறும் பாயின்ட் ஆறு என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சரியாக வகுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். பரீட்சை வந்தது, லீவு வந்தது. லீவு முடிவதற்குள் எல்லையும் முடிவாகிவிட்டது. சத்தியவேடு ஆந்திராவுக்குப் போயிற்று. அவள் கிராமம் மெட்ராஸ் பக்கம் நின்றுகொண்டது. இங்கே இனிமேல் தெலுங்குதான் என்ற பேச்சு கிளம்பியதுமே, அவள் நைனா அவளை ஊத்துக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். பத்து மைல்கூட இருக்காது. ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்தான். என்னவென்று சொல்லிக்கொண்டு போவது... அட்டை மாறிவிட்டது என்றா?

பத்து மார்க்கில் ஃபெயிலானவன் நன்றாகத் தூங்குகிறான். ஒரு மார்க்கில் போனவன்தான் ஆயுசுக்கும் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறான். எனக்கு அந்த ஒரு மார்க் அவள்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் இன்றைக்கும் மனசு அந்த மைதானத்துக்குப் போய்விடுகிறது.

கல்யாண வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

"அன்னிக்கித் தப்பா வகுத்துட்டேன்," என்றேன். அறுபது சொச்சம் வருஷமாகச் சொல்ல நினைத்தது.

கனகவல்லி சிரிக்கவில்லை. "என் அட்டைக்கு ஜோடி முனுசாமிகிட்ட இருக்குதுன்னு நான் காலைலயே பாத்துட்டேன். நீ நெல்லிக்காய எடுத்துக்கினு எழுந்த. அவங்கிட்டதான் போவப்போறன்னு பாத்துக்கினே இருந்தேன். நீ பின் பெஞ்சுக்குப் போயிட்ட."

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் ஏறிப்போனார். அடுத்த ஆள் நான்.

பந்தியில் மனைவி கேட்டாள். "யார்கூட அவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்தீங்க?"

"க்ளாஸ்மேட்."

பொய் இல்லை. உண்மைக்கு நூற்றைம்பதில் ஒரு பங்குதான் கம்மி.